எட்டு டம்ளர்

மே 5, திங்கள்

சுண்டு,

வாயால் கூப்பிட்டால் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்க்கிறார்கள். அதனால் எழுதிக் கூப்பிடுகிறேன்.

இந்த நோட்டு ரெஹானா மேடம் கொடுத்தது. மெட்ராஸில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பூமி வருஷத்துக்கு வருஷம் சூடேறுகிறதாம். அதில் யாருக்கு என்ன கேடு வருகிறது, அரசாங்கம் எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பார்களாம். நம் உப்பளத்தில் பதினாலு பொம்பளைகளுக்கு ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு மீட்டர். "சொர்ணக்கனி ஏழாப்பு படிச்சவ" என்று அமலியக்கா என்னைக் கைகாட்டிவிட்டாள்.

மீட்டர் என்றால் ஒரு குச்சி. தலையில் கறுப்பு உருண்டை, கீழே நம்பர் தெரிகிற சின்னக் கண்ணாடி. வரப்பில் நட்டுவைத்து ஆறு மணிக்கு, பத்து மணிக்கு, பன்னிரண்டு மணிக்குப் பார்க்க வேண்டும்.

நோட்டில் கட்டம் அச்சடித்திருக்கிறது. நேரம். சூடு. குடித்த தண்ணீர் எத்தனை டம்ளர். தலைசுற்றல் உண்டா.

முன்பக்கத்திலிருந்து மேடத்துக்கு. பின்பக்கத்திலிருந்து உனக்கு. திருப்பிக் கொடுக்கும்போது உன் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொள்வேன்.

இன்று ஆறு மணிக்கு 29. பத்துக்கு 36. பன்னிரண்டுக்கு 39. தண்ணீர் எட்டு டம்ளர். தலைசுற்றல் இல்லை.

மே 6, செவ்வாய்

அமலியக்கா தன் மருமகள் ரூபியை வேலைக்குக் கூட்டி வந்திருக்கிறாள். மாசி மாதம் கல்யாணம் ஆன பிள்ளை. உன்னைவிட இரண்டு வயது மூப்பு. பலகையைப் பிடிக்கத் தெரியவில்லை, உப்பை வாராமல் தண்ணீரை வாருகிறது. கறுப்புக் கண்ணாடி மாட்டச் சொன்னால் வெட்கப்படுகிறது. மத்தியானம் பாத்தி முழுக்க வெள்ளையாக மின்னும்போது தானாக மாட்டிக்கொண்டது.

அமலியக்கா அதற்குப் பாடம் எடுத்தாள்.

"ஏட்டி ரூபி, வேல முடியுத வரைக்கும் தண்ணிய வாயில ஊத்திக் கொப்புளிச்சித் துப்பு. முழுங்கிறாத. முழுங்கினா பொறவு எங்க போயி ஒதுங்குவ? சுத்திப் பாரு. தவசி அண்ணாச்சி குடைக்குப் பின்னாலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். தவசி அண்ணாச்சி நம் கணக்கப்பிள்ளை, உனக்குத் தெரியும். குடைக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் சிரிப்பு கேட்டுத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் சிரித்தார்கள்.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். சிரிக்கவில்லை. ஒன்றும் சொல்லவுமில்லை.

பன்னிரண்டுக்கு 39. எட்டு டம்ளர்.

மே 9, வெள்ளி

ரெஹானா மேடம் வந்தார்கள். உப்புக் குவியலின் நிழலில் உட்கார வைத்தோம். நிழல் என்றால் இரண்டு முழம்.

"போன வருஷம் நம்ம மாவட்டத்துல வெயில் தாங்காம எத்தன பேர் இறந்தாங்கன்னு கேட்டேன். பைல்ல ஒருத்தருமே இல்ல. ஒருத்தருமே சாகலன்னா எதுக்குப் பணம் ஒதுக்கணும்னு கேப்பாங்க. கேக்குறதுல தப்பும் இல்ல." இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்கள். "அக்கா, உங்க பொண்ணு மாரிச்செல்வி எங்க மயங்கி விழுந்தாங்க?"

"வீட்டுல" என்றேன்.

அமலியக்கா பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட்டாள். அவளும் நானும்தான் உன்னைத் தூக்கினோம்.

மேடம் எழுதிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. வீட்டில் மயக்கம். மாரடைப்பு. வயது இருபது. கீழே என் கையெழுத்து.

அன்றைக்குத் தவசி அண்ணாச்சி லோடு ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஆசுபத்திரில கேட்டா வீட்டுல வச்சின்னு சொல்லிரு சொர்ணம். அளத்துலன்னு சொன்னா போலீசு வரும், ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா பிள்ளைய அறுப்பாவ, பத்து நாளு அளத்த மூடுவாவ. எல்லாரு வயித்துலயும் மண்ணு விழும்." உன்னை அறுப்பார்கள் என்றதும் எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எந்த இடம் என்று சொன்னால் என்ன.

பன்னிரண்டுக்கு 40. எட்டு.

மே 12, திங்கள்

40. எட்டு. ரூபிக்கு உதடு வெடித்திருக்கிறது. வாசலின் கொடுத்தேன்.

மே 14, புதன்

தவசி அண்ணாச்சி மீட்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன சொர்ணம், கம்பு நட்டு சாமி கும்புடுதியோ?"

"சூடு பாக்கேன் அண்ணாச்சி."

"பாத்து? கொறச்சிருவியா?"

நான் குனிந்து நம்பரை நோட்டில் எழுதினேன்.

"இருவத்தெட்டாம் தேதி கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங்காம்லா. உன்னயப் பேசக் கூப்பிட்டிருக்காவன்னு கேள்விப்பட்டேன். போ. நல்லாப் பேசு. மறுநாளு வாரதுக்கு ஒரு எடம் வேணும்னு மட்டும் ஞாபகம் வச்சிக்கோ."

சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். போகும்போது மீட்டரை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

41. எட்டு.

மே 17, சனி

இன்று வேலைக்குப் போகவில்லை. உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஒரு வாய் தின்றேன். புளிப்பும் காரமும் ஒன்றோடொன்று சேரவே இல்லை. அப்படியே தூக்கிக் கொட்டிவிட்டேன்.

மே 20, செவ்வாய்

மேடம் பதினாலு நோட்டையும் போன வாரம் போட்டோ எடுத்துப் போயிருந்தார்கள். அதை வைத்து எழுதிய ரிப்போர்ட்டை இன்று கொண்டுவந்து படித்துக் காட்டினார்கள். இருபத்தெட்டாம் தேதி அதைத்தான் மீட்டிங்கில் வைப்பார்களாம்.

"உப்பளப் பெண்கள் வேலை நேரத்தில் சராசரியாக எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்கிறார்கள். எனவே நீர்ச்சத்துக் குறைவு முதன்மைக் காரணமாகத் தெரியவில்லை."

அதனால் வெயில் அதிகமாகும் நாளில் போனில் எச்சரிக்கை மெசேஜ் அனுப்பவும் ஆளுக்கொரு தொப்பி கொடுக்கவும் பணம் கேட்டிருக்கிறார்கள். சூரிய மின்சாரத்தில் காற்றாடி ஓடுகிற கொட்டகை ஒன்றும் இருந்தது. அதைக் கடைசியில், முடிந்தால் என்று போட்டிருக்கிறார்கள்.

படித்து முடித்துவிட்டு மேடம் தாளை மடியில் வைத்தார்கள். "எனக்கு ஒண்ணு மட்டும் ஒதைக்குது. பதினாலு நோட்டுலயும் எட்டு. தெனமும் எட்டு. எப்படி?"

"எட்டு ராசியான நம்பரு மேடம்" என்றாள் அமலியக்கா.

"காலைல அஞ்சுல இருந்து ஒரு மணி வரைக்கும் எட்டு டம்ளர் குடிச்சா நாலு தடவையாவது போகணுமே. எங்க போறீங்க?"

எங்கே போவது? உடைமரக் காடு இருக்கிற இடத்துக்கு நடக்கவே கால் மணி நேரம். அதற்கும் வரப்பு முழுக்க ஆம்பிளைகளைத் தாண்ட வேண்டும்.

"வேர்வையில போயிரும் மேடம்" என்றாள் அமலியக்கா.

ரூபி குனிந்துகொண்டாள். மேடம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சுண்டு, அந்த எட்டு என்னுடைய எட்டு. நோட்டு கொடுத்த அன்று மேடம் பேச்சுவாக்கில், "ஒரு நாளைக்கு எட்டு டம்ளராவது குடிங்க அக்கா" என்றார்கள். நான் எட்டு என்று போட்டேன். "ஏளா, அந்தக் கட்டத்துல நீ என்ன போட்ட?" என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். படித்தவள் இல்லையா.

நான் குடிப்பது ஒரு டம்ளர், அதுவும் வேலை முடியும் நேரத்தில். ஒன்று என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். அதை எந்த வாயால் சொல்வது?

நீ குடித்ததும் ஒன்றுதான். அந்த வித்தையை உனக்குச் சொல்லிக் கொடுத்தது அமலியக்கா இல்லை.

மே 22, வியாழன்

41. எட்டு என்று எழுதி அடித்தேன். மறுபடியும் எட்டு என்று எழுதினேன்.

மே 23, வெள்ளி

 

பதினொன்றரை இருக்கும். ரூபி தலைச்சுமையோடு வரப்பில் வந்தவள் நின்றுவிட்டாள். "அத்த, பஸ்ஸு வந்துட்டு" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எந்த பஸ் வரும் அங்கே? அப்படியே மடிந்து விழுந்தாள். உப்பு முழுக்க அவள் மேல் கொட்டிவிட்டது.

தொட்டுப் பார்த்தேன். அடுப்பு மேலிருந்து இறக்கிய சட்டி மாதிரி உடம்பு. ஒரு சொட்டு வேர்வை இல்லை. அது எனக்குத் தெரிந்த சூடு.

கேனில் இருந்த தண்ணீர் முழுவதையும் அவள் மேல் ஊற்றினேன். அமலியக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுகிறாள். உதவிக்கு ஆள் கூப்பிட ஓடும்போது திரும்பி மீட்டரைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. 43.

தவசி அண்ணாச்சி லோடு ஆட்டோவை வரப்போரம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஓடித்தான் போனார். தூக்கி ஏற்றியதும் அமலியக்கா காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். "ஆசுபத்திரில கேட்டா வீட்டுல வச்சின்னு சொல்லிருங்க, என்ன?" அமலியக்கா அழுதுகொண்டே, "சரி அண்ணாச்சி" என்றாள்.

ஆட்டோ முழுக்க ஈரச் சேலையால் விசிறிக்கொண்டே போனேன்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர். தள்ளுவண்டி கூடவே நடந்துகொண்டு கேட்டார்.

"எங்க வச்சு மயங்குனாங்க?"

"வீட்டுல" என்றாள் அமலியக்கா.

"இல்ல. அளத்துல" என்றேன். "காலைல அஞ்சு மணியில இருந்து வெயில்ல உப்பு வாருதா. தண்ணி குடிக்கல. ஒரு சொட்டு குடிக்கல. அங்க சூடு நாப்பத்திமூணு."

டாக்டர் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கத்தினார், ஐஸ் கொண்டுவரச் சொல்லி. அக்குளில், கழுத்தில், தொடை இடுக்கில் எல்லாம் ஐஸ். இரண்டு கையிலும் டிரிப். இரண்டு காற்றாடி. அமலியக்கா என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்துவிட்டது.

மூன்று மணிக்கு ரூபி கண் திறந்து, "செருப்ப எங்க?" என்று கேட்டாள்.

டாக்டர் வெளியே வந்து கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நல்ல வேளை சொன்னீங்கம்மா. வீட்டுல நெழல்ல இருந்த பொண்ணுன்னா நான் காய்ச்சல், வலிப்புன்னு வேற வழியில போயிருப்பேன். இதுல அரை மணி நேரம் போனா அவ்வளவுதான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

மே 24, சனி

ஒன்பதாம் தேதி உனக்கு எழுதியதில் ஒரு வரி பொய்.

மே 26, திங்கள்

காலையில் போனேன். என் பலகை வெளியில் சாய்த்து வைத்திருந்தது.

"ஒரு வாரம் ரெஸ்ட் எடு சொர்ணம்" என்றார் தவசி அண்ணாச்சி. "முதலாளி சொல்லுதாரு. நான் என்ன செய்ய?" அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அமலியக்காவுக்கும் அதே ரெஸ்ட்.

சாயங்காலம் அமலியக்கா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"என் மருமவளக் காப்பாத்திட்ட. என் வேலையத் தொலச்சிட்ட. உன்னய இப்பம் கும்புடவா, ஏசவா?"

"ரெண்டுல ஒண்ணு பண்ணிட்டு உள்ள வாக்கா."

வந்து உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து தன் நோட்டை எடுத்துப் போட்டாள். "இதத் திருத்து. எனக்கு எழுதுனா கை வலிக்கும்."

"எட்டுக்கு என்ன போட?"

"ஒண்ணு. ஞாயித்துக்கெழம வேணா எட்டு போடு, அன்னைக்கு வீட்டுல நான் ராணி."

அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். இருட்டுவதற்குள் ஒன்பது நோட்டு. ஒருத்தி அரை டம்ளர் என்றாள். ஒருத்தி, வெறும் கொப்புளிப்புதான் என்றாள். ஒருத்தி அடிவயிறு கடுக்கிற நாட்களையும் சேர்த்து எழுதச் சொன்னாள். ஒருத்தி சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். என் நோட்டோடு சேர்த்துப் பத்து. நாலு பேர் வரவில்லை. அவர்களை ஏச எனக்கு மனசில்லை.

ஒவ்வொரு எட்டையும் ஒற்றைக் கோட்டால் அடித்தேன். தடம் தெரியட்டும்.

மே 27, செவ்வாய்

மேடம் போனில் பேசினார்கள். நேற்று நான் போனில் அனுப்பிய நோட்டுகளின் போட்டோவைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ரிப்போர்ட்டை மாற்றினார்களாம். "நான் முதல் நாளே கேட்டிருக்கணும் அக்கா. நானும் பொம்பளதானே" என்றார்கள். "நாளைக்கு நீங்க பேச வேண்டாம்னா வேண்டாம். நோட்டு போதும்."

"நோட்ட யாரு வேணாலும் எழுதியிருக்கலாம்னு சொல்லுவாவ மேடம்" என்றேன்.

மே 28, புதன்

நீளமான மேசை. ஏசி குளிரில் எனக்குப் பல் கிட்டியது. அமலியக்கா ரூபியின் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மேடம் படம் போட்டுப் பேசினார்கள். எந்த வருஷம் எத்தனை நாள் நாற்பதைத் தாண்டியது, இன்னும் இருபது வருஷத்தில் எத்தனை நாள் தாண்டும், ஒரு கொட்டகைக்கும் கழிப்பறைக்கும் என்ன செலவு, ஒரு ஆள் விழுந்தால் என்ன செலவு. அதிகாரிகள் தலையாட்டினார்கள். அப்புறம் உப்பளக்காரர்கள் சார்பில் வந்தவர் எழுந்தார். வெள்ளைச் சட்டை. மரியாதையான ஆள்.

"ஒவ்வொரு அளத்துலயும் தண்ணி கேன் வச்சிருக்கோம். யாரையும் குடிக்க வேண்டாம்னு நாங்க சொன்னது கெடையாது. அப்படி யாரு சொன்னாங்கன்னு இவங்களையே கேளுங்க."

நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரியம்மா என்னைப் பார்த்தார். "சொல்லுங்க. யாராவது சொன்னாங்களா?"

எழுந்து நின்றேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சொன்னாவ. நான் சொன்னேன். என் மவ கிட்ட. வேலைக்கு வந்த மொத நாளு சொன்னேன், குடிக்காத, கொப்புளிச்சித் துப்புன்னு. எனக்கு எங்க அம்ம சொன்னா. நூறு ஏக்கருல ஒரு செடி கெடையாது. எங்க ஒதுங்க? பிள்ளைக்கு மானம் முக்கியம்னு நெனச்சேன். போன வருசம் மே பதினேழு, பதினோரு மணிக்கு அளத்துல விழுந்தா."

அந்த அம்மா ஒரு பைலைப் புரட்டினார். "வீட்டில்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"பொய் சொன்னேன்."

வெள்ளைச் சட்டைக்காரர் உட்கார்ந்துவிட்டார். ஒருத்தர் இருமினார். அமலியக்கா எழுந்து, "நானுந்தான் தூக்குனேன். நானும் இத்தன நாளா வாயத் தொறக்கல. எழுதிக்கிடுங்க, என் பேரு அமலோற்பவம்" என்றாள்.

அந்த அம்மா எழுதிக்கொண்டார். உன் பேரையும் கேட்டு எழுதிக்கொண்டார். மாரிச்செல்வி, வயது இருபது. எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

ஜூன் 3, செவ்வாய்

மேடம் போன். ரிப்போர்ட்டில் தொப்பி கீழே போய்விட்டது. முதல் வரியில் கழிப்பறை, இரண்டாவது நிழல் கொட்டகை. பணம் வருமா, எப்போது வரும் என்று மேடத்துக்கே தெரியாது. வெயிலில் இறந்தவர்கள் என்ற இடத்தில் முன்பு பூஜ்யம் இருந்ததாம். இப்போது ஒன்று என்று போட்டு, பக்கத்தில் விசாரணையில் உள்ளது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒன்று நீ.

அளத்திலிருந்து கூப்பிடவில்லை. கருவாட்டுக் கம்பெனியில் நாளையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே கதவு வைத்த கக்கூஸ் இருக்கிறது. அமலியக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

எல்லோரும் என்னை தைரியசாலி என்கிறார்கள். நான் அங்கே சொன்னது முக்கால்வாசிதான். மீதியை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதினேன் இல்லையா, அதுதான் அந்தப் பொய் வரி. உனக்கு மூச்சு இருந்தது. தள்ளுவண்டியில் படுக்க வைத்தபோது என் சேலை நுனி உன் கைக்குள் இருந்தது. டாக்டர் எங்கே வைத்து என்று கேட்டார். உன் கண் பாதி திறந்திருந்தது, என் பக்கம்தான் இருந்தது. நான் வீட்டில் என்றேன். காய்ச்சல் ஊசி போட்டார்கள், போர்வையை இழுத்து மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் உன் கை சேலையை விட்டுவிட்டது.

சுண்டு, நான் அப்படிச் சொன்னது உன் காதில் விழுந்ததா?